டிரேட்மார்க் வழக்குக்கு நாங்கள் அமர்த்திய வக்கீல்: விருதுநகர் மசாலாக் கம்பெனியிலிருந்து ஒரு மதிப்பீடு

வக்கீலின் பெயரைப் போடாமல்தான் இதை எழுதுகிறேன். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36-வது விதி சொல்கிறது. இணையதளங்கள் வழியாக வக்கீல்களுக்கு ஆள் பிடித்துத் தருவதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டிருக்கிறது. நான் பெயர் போட்டுப் பாராட்டினால் அவருக்குத்தான் சங்கடம். அவர் என்ன வேலை செய்து கொடுத்தார், அதற்கு என்ன வாங்கினார், எங்கே குறைந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்களைப் போல ஊருக்குள் ஒரு பிராண்டை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்த விவரம் எங்கேயும் தமிழில் கிடைப்பதில்லை.

எங்களுக்கு விருதுநகரில் மசாலாப் பொடி வியாபாரம். சாம்பார் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், இட்லிப் பொடி. பாட்டி தெருவுக்குள் விற்க ஆரம்பித்தார், அப்பா அதைக் கம்பெனியாக்கினார், நான் பி.காம். முடித்து கணக்குப் பார்க்க உட்கார்ந்து அப்படியே நிர்வாகத்துக்கு வந்தேன். பாக்கெட்டில் பாட்டியின் பெயர்தான் பிராண்ட். அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, எங்களுடைய அதே மஞ்சள் பாக்கெட், அதே பச்சைப் பட்டை, அதே இடத்தில் அம்மி என்று ஒரு புதுச் சரக்கு சென்னையில் இறங்கியது. கொத்தவால்சாவடிப் பக்கம் சரக்குப் போடும் எங்கள் ஏஜென்ட் அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இது நம்ம புதுப் பாக்கெட்டாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஏஜென்டே குழம்பிவிட்டார் என்றால், வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?

உள்ளூரில் எங்களுக்கு வழக்கமாக செக் பவுன்ஸ் வழக்குகள் நடத்தும் வக்கீல் நல்ல மனிதர். படத்தைப் பார்த்ததும், "இதுக்குன்னே இருக்கிறவங்ககிட்ட போங்க, என்கிட்ட கொடுத்து நாளைக் கடத்தாதீங்க" என்று சொல்லிச் சென்னையில் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். தம்புச் செட்டித் தெருவில் மாடியில் ஆபீஸ். லிஃப்ட் கிடையாது. முட்டி வலியோடு அப்பா படியேறி வந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த முறையிலிருந்து கீழ்த்தளத்தில் தெரிந்தவர் ஒருவரின் அறையைக் கேட்டு வாங்கி அங்கேயே வந்து உட்கார்ந்தார் அந்த வக்கீல் அம்மா. அன்றைக்கே எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

முதல் சந்திப்பில் அவர் சட்டம் எதுவும் பேசவில்லை. எங்கள் பாக்கெட்டையும் அவர்கள் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த என் கையைத் தடுத்தார். "அப்படிப் பார்க்கக் கூடாது. ஒரு பாக்கெட்டைப் போன மாதம் வாங்கின ஞாபகத்தோட இன்னொன்றைக் கடையில பார்க்கிற ஆள் என்ன நினைப்பார் என்பதுதான் கேள்வி" என்றார். எங்கள் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, எதிராளியின் பாக்கெட்டைச் சற்றுத் தள்ளி அலமாரியில் வைத்து ஜூனியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அரைகுறை ஞாபகத்தோடு வாங்குகிற சாதாரண மனிதரின் கண்ணால்தான் நீதிமன்றம் பார்க்கும் என்பது இந்தத் துறையின் அடிப்படை. இதை எங்களுக்கு விளக்கவுரை இல்லாமல் செய்து காட்டினார்.

பிறகு அப்பாவுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, அம்மி உங்களது இல்லை. தமிழ்நாட்டில் பொடி விற்கிறவர்களில் எத்தனையோ பேர் பாக்கெட்டில் அம்மியோ உரலோ இருக்கு. அதை மட்டும் தூக்கிட்டுப் போனா ஜட்ஜ் முதல் நிமிஷத்திலேயே நம்மைத் திருப்பிக் கேட்பார்."

"அது எங்க அம்மா அரைச்ச அம்மிம்மா. வீட்டுல இன்னும் கெடக்கு."

"தெரியும் ஐயா. ஆனா சட்டம் அதைப் பார்க்காது."

அப்பாவின் முகம் சுருங்கியது. அடுத்தது பாக்கெட்டில் பெரிதாக நாங்கள் போட்டிருக்கும் 'கைப்பக்குவம்' என்ற சொல். எதிராளியும் அதைப் போட்டிருந்தார். அதையும் விடச் சொன்னார். தன் நூடுல்ஸ் பாக்கெட்டில் போட்டிருந்த 'மேஜிக் மசாலா' என்ற பெயருக்காக ஐ.டி.சி. கம்பெனி நெஸ்லேயின் 'மேஜிக்கல் மசாலா'வை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2013-ல் வழக்குப் போட்டது. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் பொதுச்சொல், அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2020-ல் அந்த வழக்கு தள்ளுபடியானது. "அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு வருஷம் நடத்தின வழக்கு. கைப்பக்குவமும் அந்த மாதிரிச் சொல்தான்" என்றார்.

இந்த இடத்தில் நான் நின்று சொல்ல வேண்டும். எங்களிடம் வழக்கை வாங்கிக்கொள்வதற்காக, "எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்" என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்கு முன் போனில் பேசிய வேறொருவர் அப்படித்தான் சொன்னார். இவர் எங்களுக்கு எது சொந்தம் இல்லை என்பதை முதலில் பிரித்து எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதில் மட்டும் கெட்டியாக நின்றார். பெயர், மஞ்சள் மேல் சாய்ந்து போகும் பச்சைப் பட்டை, எழுத்து வளைவு, எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்பு. வழக்கு நின்றது இந்த மிச்சத்தில்தான்.

அப்பா 2004-ல் லேபிளை, மசாலாச் சரக்குகள் வரும் 30-வது வகுப்பில் பதிவு செய்து 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தும் வந்திருக்கிறார். அதைப் பெருமையாக நீட்டினார். வக்கீல் அதையும் பொறுமையாக விளக்கினார்: பதிவு மொத்த லேபிளுக்கு, 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, லேபிளின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உரிமை அதனால் வந்துவிடாது. ஆகவே பதிவை மீறியதாக ஒரு கால், 'பாஸிங் ஆஃப்' என்கிற இன்னொரு கால் என்று இரண்டிலும் நிற்க வேண்டும் என்றார். பாஸிங் ஆஃப் என்றால் தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பது. அதற்குப் பதிவு தேவையில்லை; முதலில் யார் புழக்கத்தில் கொண்டுவந்தார், ஜனங்களிடம் யாருக்குப் பெயர் என்பதுதான் கணக்கு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை உதாரணம் காட்டினார். அதில் இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம், பதிவு வைத்திருப்பதைவிட முன்னாலிருந்தே பயன்படுத்தி வந்தவரின் உரிமை மேலானது என்று சொல்லிவிட்டது. அல்வா என்றதும்தான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி நான் பணம் கொடுத்ததில் மிக அதிகப் பயன் கண்ட பகுதி. வழக்குப் போடுவதற்கு முந்தைய வேலை.

வணிக வழக்குகளில் கையில் இருக்கும் எல்லா ஆவணங்களையும் பிளெயின்ட்டோடு, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவோடு, சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒன்றொன்றாக நீட்டுவதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், காரணமும் வேண்டும். 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபிறகு உள்ள நிலைமை இது. அதனால் அவர் எங்களிடம் கேட்ட பட்டியலைப் பார்த்து நான் முதலில் மலைத்துப்போனேன். ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வாட் பில், அதற்கும் முந்தைய டி.என்.ஜி.எஸ்.டி. என்ற பழைய விற்பனை வரி எண் போட்ட பில் புத்தகங்கள். ஆண்டுவாரி விற்பனை, விளம்பரச் செலவு, ஆடிட்டர் சான்றிதழோடு. சிவகாசியில் அடித்த காலண்டர்கள். கோவில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம். பாக்கெட் பிலிம் அச்சடிக்க சிலிண்டர் வெட்டிய பில்.

சிலிண்டர் பில்லை நான் குப்பை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது தங்கம். பவுச் அச்சடிக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். டிசைன் மாறினால் புதுச் சிலிண்டர். ஆகவே இந்த டிசைன் எந்தத் தேதியில் பிறந்தது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி கிடையாது. ஒரு வக்கீலுக்கு பாக்கெட் அச்சுத் தொழிலின் இந்த நுணுக்கம் தெரிந்திருந்தது எனக்கு வியப்பு. கேட்டபோது, எண்ணெய்க் கம்பெனி, சோப்புக் கம்பெனி, தீப்பெட்டி என்று பழைய வழக்குகளில் அச்சகங்களுக்குப் போய் நின்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

எதிராளியைப் பற்றியும் அவரே தோண்டினார். பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவு உரிம எண்ணில் 14 இலக்கம். அதில் 2, 3-வது இலக்கங்கள் மாநிலம், 4, 5-வது இலக்கங்கள் உரிமம் வாங்கிய ஆண்டு. எதிராளி டிரேட்மார்க் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தில் இந்தப் பெயரைப் பல வருடமாகப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தார். உரிம எண்ணோ நேற்றைய கதை சொன்னது. "இது ஒன்றை மட்டும் நம்ப முடியாது, பழைய ஆள்கூடப் புது உரிமம் வாங்கியிருக்கலாம்" என்று சொல்லி, ஜி.எஸ்.டி. தளத்தில் எதிராளியின் பதிவுத் தேதியையும் எடுத்தார். அதுவும் உரிம எண்ணோடு ஒத்துப்போனது. இரண்டையும் சேர்த்து பிளெயின்ட்டில் ஒரு பத்தியாக வைத்தார். இந்தத் தகவல் எல்லாம் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சரக்கை எங்கள் ஆட்களே வெவ்வேறு கடைகளில் காசு கொடுத்து, பில்லோடு வாங்க வேண்டும் என்றார். பில்லில் கடைப் பெயர், தேதி, பிராண்ட் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். ஏஜென்ட் அண்ணாச்சி அனுப்பிய வாட்ஸ்அப் படத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டுமாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, அந்தப் போன், அந்தக் கோப்பு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் எண் எல்லாவற்றையும் எழுதி, நாங்கள் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சி அந்தப் படத்தை போனிலிருந்து அழித்துவிடக் கூடாது என்று அவரை ஜூனியர் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார். இந்த அளவுக்குக் கவனம்.

லேபிளை வரைந்த ஓவியரின் விஷயம் தனிக் கதை. சிவகாசியில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் வரைந்து வந்த பெரியவர் அவர். அப்பா அவருக்குக் காசு கொடுத்து வரையச் சொன்னாரே தவிர எழுத்து ஒன்றும் வாங்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் வாங்கியதில்லை. வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை யாருக்கு என்று எதிராளி கிளப்பினால் வழக்கின் ஒரு பக்கம் ஆட்டம் காணும் என்று வக்கீல் சொன்னார். உரிமை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு மட்டும் என்று ஆகிவிடும். அதனால் முழுக் காலத்துக்கும் என்று தெளிவாக எழுதிய பத்திரத்தைத் தயாரித்து, அதைத் தமிழிலேயே அடித்து அனுப்பினார். நாங்கள் சிவகாசிக்குப் போய் பெரியவர் வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய லேபிளைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இந்த வளைவு என் கைதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒரு நல்ல தொகை கொடுங்கள், சும்மா வாங்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியதும் வக்கீல்தான்.

எந்தக் கோர்ட் என்ற கேள்விக்கும் அவர் காரணத்தோடு பதில் சொன்னார். டிரேட்மார்க் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. பதிவு மீறலுக்கு நாங்கள் தொழில் செய்யும் இடத்திலேயே போடலாம் என்று டிரேட்மார்க் சட்டத்தின் 134-வது பிரிவு சலுகை தருகிறது; எங்கள் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் அந்தச் சலுகை பாஸிங் ஆஃபுக்குக் கிடையாது. எதிராளியின் சரக்கு விற்றது சென்னையில். இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் சென்னைதான் சரி. வழக்கின் மதிப்பு ஒரு கோடிக்கு மேல் போவதால் உயர் நீதிமன்றம். அங்கே 2023 முதல் டிரேட்மார்க், பதிப்புரிமை, பேட்டன்ட் போன்ற அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்த வழக்குகளையே பார்த்துப் பழகிய நீதிபதி முன்னால் நிற்கும்போது அடிப்படையிலிருந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. மதுரைக் கிளை எங்களுக்குப் பக்கம் ஆயிற்றே என்று அப்பா கேட்டார். மதுரைக் கிளையில் இப்படி நேரடியாக சிவில் வழக்குத் தாக்கல் செய்யும் வசதி இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வேகமும் முக்கியம் என்றார். வணிக வழக்கு என்றால் முதலில் சமரச மையத்துக்குப் போய்விட்டுத்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்பது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவு. அது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. அவசர இடைக்காலத் தடை கேட்டால் மட்டும் நேராகப் போகலாம். தெரிந்து பல மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே இத்தனை ஆவணத்தையும் எங்களை விரட்டி விரட்டித்தான் சேர்த்தார். அந்த வாரங்களில் இரவு பத்து மணிக்கும் ஜூனியரிடமிருந்து அழைப்பு வரும், "மேடம் அந்த 2011 பில் புத்தகம் கேட்கிறாங்க" என்று.

பிளெயின்ட் ஆங்கிலத்தில். அப்பாவுக்கு அது ஓடாது. கையெழுத்துப் போடும் முன் வக்கீல் அப்பாவை உட்காரவைத்து, உண்மைச் சம்பவங்கள் வரும் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லி, "இது சரியா ஐயா? இந்த வருஷம் சரியா?" என்று கேட்டுத் திருத்தினார். பாட்டி வியாபாரம் தொடங்கிய வருஷத்தை அப்பா கொஞ்சம் முன்னால் தள்ளிச் சொன்னார். அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாததால் காகிதம் உள்ள வருஷத்தையே போட்டார். வணிக வழக்கில் பிளெயின்ட்டோடு உண்மை உறுதிமொழியும் தர வேண்டும். ஒரு வருஷம் பொய் என்று நிரூபணமானால் மற்ற எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்றார்.

முதல் விசாரணையைப் பற்றிப் பலரும் சினிமாப் படங்களில் பார்த்து ஏதோ கற்பனை வைத்திருப்பார்கள். நான் பின்வரிசையில் நின்று பார்த்தேன். மொத்தமே சில நிமிடங்கள். நீதிபதி டைப்செட் என்கிற ஆவணத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டே, எப்போது தெரிந்தது, அம்மிக்கு உரிமை கேட்கிறீர்களா, எதிராளி விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பக்க எண்ணோடு பதில் வந்தது. அம்மி எங்களுக்குச் சொந்தமில்லை என்று நாங்களே முதலில் சொன்னது நீதிபதிக்குப் பிடித்திருக்க வேண்டும். லேபிளின் அமைப்புக்கு அன்றைக்கே இடைக்காலத் தடை, குடோனில் இருக்கும் பாக்கெட்டுகளையும் சிலிண்டர்களையும் கணக்கெடுக்க, நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் ஒருவர். பெயரைப் பொறுத்தவரை எதிராளியைக் கேட்டபிறகுதான் என்று நோட்டீஸ் மட்டும். எனக்கு அரை வெற்றியாகத் தோன்றியது. வக்கீலுக்கு அப்படி இல்லை. எதிராளியைக் கேட்காமல் வாங்கும் தடைக்குக் கட்டுப்பாடு அதிகம், உத்தரவும் நகல்களும் உடனே எதிராளிக்குப் போய்ச் சேர வேண்டும், அதில் ஒருநாள் சுணங்கினாலும் தடையையே உடைத்துவிடுவார்கள் என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் கூரியரும் மின்னஞ்சலும் அனுப்பி அதற்கான அஃபிடவிட்டையும் தயார் செய்துவிட்டார்.

அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி இடையிடையே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன், இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு உதவும். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டுச் சட்டம் படித்தவர். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும் என்பதால் அந்த முதல் பட்டம் பிற்பாடு கைகொடுத்ததாம். ஒரு சீனியரிடம் பல வருடம் ஜூனியராக இருந்து, வாதாடுவதைவிட மனுக்களை எழுதுவதைத்தான் கற்றாராம். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையில், தேனாம்பேட்டையில்தான் இருந்தது. அப்போது இவருடைய வேலையில் பெரும்பகுதி அங்கேதான். 2021 ஏப்ரலில் அந்த வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். வழக்குகள் எல்லாம் உயர் நீதிமன்றங்களுக்கு மாறின. அந்த மாற்றத்தில் தடுமாறியவர்கள் உண்டு. இவருக்கு வாரியத்தின் நுணுக்கமும் உயர் நீதிமன்ற நடைமுறையும் இரண்டும் தெரிந்திருந்தது லாபமாயிற்று. இன்றைக்கும் ஒரு நாளில் கோர்ட்டில் வாய் திறந்து பேசும் நேரம் மிகக் கொஞ்சம், மீதி முழுவதும் படிப்பதும் எழுதுவதும்தான் என்றார். நான் பார்த்ததும் அதுவே. இரவு, அடுத்த நாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்ட் வரும். தன் வழக்குகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்து, காலையில் எந்த ஹாலுக்கு யார் ஓடுவது என்று ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தடையை நீக்கக் கேட்டு எதிராளி மனுப் போட்டபோது, சீனியர் கவுன்சில் என்கிற மூத்த வக்கீல் ஒருவரை வைத்து வாதாட முடிவெடுத்தார். முடிவு சரிதான். ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் என்பதை எங்களிடம் விசாரணைக்கு முந்தைய நாள்தான் சொன்னார்கள். எங்களைப் போன்ற கம்பெனியில் அந்தப் பணத்தை ஓர் இரவில் புரட்டுவது எளிதல்ல. நான் இதை நேரில் சொன்னேன். அதற்குப் பிறகு வரக்கூடிய எல்லாச் செலவுக்கும் முன்கூட்டியே ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது, அவரிடம் நேராகப் போனில் பேசுவது அரிது. ஜூனியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், புதிதாக வந்தவருக்குக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது, தேதி தள்ளிப்போனால் ஏன் என்று தானாகத் தகவல் வராது. நாங்கள் கேட்டால்தான் வரும்.

கட்டணம் கட்டங்களாக இருந்தது: வழக்குக்கு முந்தைய வேலைக்கு ஒரு தொகை, தாக்கலுக்கு ஒன்று, இடைக்கால மனு முடியும்வரை ஒன்று. கோர்ட் ஃபீஸ், கமிஷனருக்கு நீதிமன்றம் நிர்ணயித்த சம்பளம், நகல் செலவு தனி. மொத்தமாகப் பார்த்தால் சின்னதாக ஒரு தானியங்கி பேக்கிங் மெஷின் வாங்கும் பணம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேச அப்பா முயன்றார். முடிவை வைத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு எதிரானது என்று அந்த அம்மா உடனே நிறுத்திவிட்டார். அப்படிப் பேசுகிற வக்கீல் யாராவது கிடைத்தால் விலகிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டதற்கும் நேர்மையான பதில் கிடைத்தது. பஜாஜ் ஆட்டோவுக்கும் டி.வி.எஸ். மோட்டாருக்கும் நடந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், இந்த வகை வழக்குகளை 4 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னது. "அதை நம்பி உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். முழு விசாரணை என்றால் வருஷக் கணக்கு. இடைக்கால உத்தரவை வைத்து எதிராளியைப் பேச்சுக்குக் கொண்டுவருவதுதான் நமக்கு நல்லது" என்றார். அப்படியே ஆயிற்று. கமிஷனரின் அறிக்கையில் சிலிண்டர் வெட்டிய தேதி வந்துவிட்டது. விண்ணப்பத்தில் எழுதிய பழைய வருஷக் கணக்கு அதோடு பொருந்தவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2005 முதல் இயங்கும் சமரச மையத்துக்கு வழக்கு போனது.

அங்கே அப்பா நஷ்ட ஈடு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நஷ்டத்தை ரூபாயில் நிரூபிக்க இன்னும் நாள் இழுக்கும், உங்களுக்கு வேண்டியது கடையில் அந்தப் பாக்கெட் இல்லாமல் போவதுதானே என்று வக்கீல் கேட்டார். எதிராளி பெயரையும் லேபிளையும் மாற்றுவது, விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவது, சிலிண்டர்களை கமிஷனர் முன்னால் அழிப்பது, மிச்சச் சரக்கை வேறு பாக்கெட்டில் மாற்றிப் போட்டுக்கொள்வது என்று முடிந்து, அந்த நிபந்தனைகளோடு டிக்ரி, அதாவது நீதிமன்றத்தின் தீர்ப்பாணை, ஆனது. எதிராளியும் இளம் வயதுக்காரர்தான், கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். அவருடைய பொடியைக் கொட்டச் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் மாற்றச் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். சமரசத்தில் முடிந்ததால் கட்டிய கோர்ட் ஃபீஸைத் திரும்பக் கேட்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021-ல் உச்ச நீதிமன்றமே அதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்காமலேயே அதற்கு மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தார்.

யாருக்கு இப்படி ஒருவர் தேவை? பிராண்ட் பெயரால் விற்கிற எவருக்கும் தேவை, ஆனால் எல்லோருக்கும் வழக்கு தேவையில்லை. தெருவில் ஒரு கடைக்காரர் உங்கள் பெயரில் போர்டு வைத்திருந்தால் ஒரு நோட்டீஸே போதும். அதற்கு இவ்வளவு செலவு செய்யாதீர்கள். பெயரைப் பதிவு செய்வதற்கு மட்டும் என்றால் சிறுதொழில் பதிவு உள்ளவர்களுக்கு இணையவழி அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய்தான். அதற்கு உயர் நீதிமன்ற வக்கீல் அவசியமில்லை. சரக்கு இறங்கி, ஜனம் குழம்பி, விற்பனை அடிவாங்கும்போதுதான் இந்தத் துறையிலேயே இருக்கும் ஆள் வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். உயர் நீதிமன்ற இணையதளத்தில் காஸ் லிஸ்ட் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமைப் பிரிவின் பட்டியலைச் சில வாரம் தொடர்ந்து பாருங்கள். எந்தெந்த வக்கீல் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். அந்தப் பெயர்களை வைத்து தீர்ப்புகளைத் தேடிப் படியுங்கள். பிறகு நேரில் போய், உங்கள் லேபிளில் எது உங்களுக்குச் சொந்தமில்லை என்று கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் வக்காலத்தைக் கொடுங்கள்.

நாங்கள் இப்போதும் அவரிடம்தான் இருக்கிறோம். பாட்டி பெயரைத் தனிச்சொல்லாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் புதிதாக விண்ணப்பித்திருக்கிறார். லேபிள் பதிவு ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்லுக்குத் தனிப் பதிவு வேண்டும் என்று. வாராவாரம் திங்கட்கிழமை வெளிவரும் டிரேட்மார்க் ஜர்னலை அவருடைய ஆபீஸ் எங்களுக்காகப் பார்க்கிறது. விளம்பரமான தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு கொடுத்துவிட வேண்டும். போன மாதம் எங்கள் பெயரை ஒட்டிய ஒரு விண்ணப்பம், ஊறுகாய்க்காக, ஜர்னலில் வந்திருந்தது. படத்தோடு எனக்கு அனுப்பி, எதிர்க்கலாமா என்று கேட்டார்கள். அப்பா ஊறுகாய் போடும் எண்ணத்தில் இருப்பதால் எதிர்க்கச் சொல்லியிருக்கிறோம்.